மேடும் மணலும் ரப்பர் தோட்டமும்: குமரி மாவட்டத்தில் முதல் மாரத்தான் ஓடப் போகிறவர்களுக்கு

சமதள ரோட்டில் மாரத்தான் ஓடுகிறவர் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, 42.195 கிலோமீட்டரையும் அதே கணக்கில் முடிக்கப் பார்க்கலாம். நம்ம ஊரில் அது நடக்காது. தக்கலையிலிருந்து குலசேகரம் பக்கம் திரும்பினால் ரோடு ஒரே சீராகக் கொஞ்ச தூரம் கூடப் போவதில்லை. ஏறும், வளையும், இறங்கும், மூச்சு வாங்குவதற்குள் மறுபடி ஏறும். தெற்கே கடற்கரைப் பக்கம் வந்தால் மேடு குறைகிறது, ஆனால் மணல் வந்துவிடுகிறது. நடுவில் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு ஊடே சானல்கரை (பாசனக் கால்வாயின் கரை) மண்பாதை. இப்படி ஒரு பாதையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடினால், ஏற்றத்தில் உயிரைக் கொடுத்து ஓடுவீர்கள், இறக்கத்தில் தேவையில்லாமல் காலை உடைத்துக்கொள்வீர்கள், 30 கிலோமீட்டர் வரும்போது நடக்கக்கூடத் தெம்பு இருக்காது.

ஏற்கெனவே 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடத் தெரிந்தவர்களை, முடிந்தால் ஒரு அரை மாரத்தானாவது (21.1 கி.மீ.) முடித்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இன்னும் அந்த நிலைக்கு வராதவர்கள் ஆறு மாதம் கழித்து இந்தப் பக்கம் வாருங்கள், அவசரம் ஒன்றுமில்லை. நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் உண்டு என்கிறவர்கள், டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சமமாக இருக்க வேண்டியது மூச்சு

மேடுபள்ளப் பாதையில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், இருக்கட்டும். மாறாமல் இருக்க வேண்டியது நீங்கள் போடும் முயற்சி. ஏற்றத்தில் வேகம் குறைந்து, இறக்கத்தில் கூடி, மூச்சு மட்டும் முதலிலிருந்து கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தால், அதுதான் நன்றாக ஓடிய மலைப்பாதை மாரத்தான்.

இதை நமக்கு வெளியூர்ப் பயிற்சியாளர் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று போய் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவாலயங்கள். பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டிலும் பள்ளத்திலும் இரவும் பகலுமாக, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக, பலரும் வெறுங்காலோடு போகிறார்கள். கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. அந்தக் கோஷம் பக்திக்காகத்தான். ஆனால் ஓட்டக்காரன் கண்ணால் பார்த்தால் அதில் இன்னொரு வேலையும் நடக்கிறது: வாய்விட்டு அதைச் சொல்ல முடிகிற வேகத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. மூச்சு திணறினால் கோஷம் நின்றுவிடும், கோஷம் நின்றால் கால் தானாகவே நடைக்கு வந்துவிடும்.

உங்களுக்கும் அதே அளவுகோல்தான். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சுலபமான வேகம். மூன்று நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடுத்தரம். ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் வரம்பு மீறிவிட்டீர்கள். மாரத்தானின் முக்கால் பங்கும் முதல் நிலையில்தான் போக வேண்டும். கூட ஓடுகிறவர் "பைய போ மக்கா" என்று சொன்னால் கோபப்படாதீர்கள், அவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கிறது.

இதயத் துடிப்பு காட்டும் கடிகாரம் வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: நம்முடைய புழுக்கத்தில் ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆகத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அது ஒன்றுமில்லை என்று விடவும் வேண்டாம். ரப்பர் மர நிழலுக்குள் ஜிபிஎஸ் காட்டும் உடனடி வேகத்தை நம்பவே வேண்டாம். மரங்களுக்கு அடியில் அது தாறுமாறாகக் குதிக்கும்.

பாதையை முன்கூட்டியே படிப்பது

ஓட்டத்தை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் உயர வரைபடம் ஒன்று தருவார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பது. மலைப்பாதை ஓட்டங்களுக்கான சர்வதேச அமைப்பு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள். 42 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால், உடம்புக்கு அது 48 கிலோமீட்டர் ஓட்டம். சமதளத்தில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுகிறவர் 4 மணி 55 நிமிடத்தில் முடிப்பார் என்றால், இந்தப் பாதையில் 5 மணி 35 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தார் ரோட்டுக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்கு. முதல்முறை ஓடுகிறவர்களுக்குத் தாராளம்தான் நல்லது, மணலும் மண்பாதையும் அந்தத் தாராளத்தைத் தின்றுவிடும்.

நேரக் கெடு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சமதள மாரத்தானுக்கு வைத்த அதே கெடுவை மேட்டுப் பாதைக்கும் வைத்திருந்தால், முதல் மாரத்தானுக்கு அந்த ஓட்டம் வேண்டாம் என்பதே என் கருத்து.

வரைபடம் மட்டும் போதாது. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கிலோ சைக்கிளிலோ பாதை முழுக்க ஒரு சுற்றுப் போய் வாருங்கள். வண்டியில் இரண்டாவது கியருக்கு மாற வேண்டிய ஏற்றங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், அங்கெல்லாம் நடக்கப் போகிறீர்கள். தரை எங்கே மாறுகிறது, நிழல் எங்கே முடிகிறது, எட்டு மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும் கிழக்குப் பார்த்த ரோடு எது, இதையும் குறியுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பாதை போனால் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. எதிர்காற்றும் ஒரு ஏற்றம்தான், வேகத்தை விட்டுக்கொடுத்து மூச்சைக் காப்பாற்ற வேண்டும்.

ஏற்றம்

புதியவர்கள் செய்வது என்னவென்றால், மேட்டைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, அதை ஒரு எதிரி மாதிரி அடித்து ஏறுவார்கள். உச்சியில் போய் மூச்சு இரைக்க நிற்பார்கள். அந்த ஒரு மேட்டில் மிச்சம் பிடித்தது அதிகம் போனால் அரை நிமிடம். அதற்குக் கொடுத்த விலை கடைசிப் பத்து கிலோமீட்டரில் தெரியும்.

ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பே அடியைச் சுருக்குங்கள். ஒவ்வொரு எட்டும் சின்னதாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும், பாதம் உடலுக்கு நேர் கீழே விழ வேண்டும். இடுப்பை மடக்கிக் குனிய வேண்டாம், கணுக்காலிலிருந்து உடம்பு முழுவதும் லேசாக முன்னால் சாயட்டும். பார்வை பத்தடி முன்னால். உச்சியையே பார்த்துக்கொண்டு ஏறினால் அது நகராது. கைகள் பின்னால் தள்ளி உதவட்டும்.

நடக்க வேண்டிய ஏற்றங்களை முதல் ஏற்றத்திலிருந்தே நடக்க வேண்டும். இது பலருக்கு மனசு ஒப்பாது. ஐந்தாவது கிலோமீட்டரில், எல்லோரும் பார்க்க நடப்பதா என்று தோன்றும். ஆனால் களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பு வராமல் இருக்க நடப்பது வேறு. நூறு அடி போனால் எட்டுப் பத்து அடி உயர்கிற மாதிரி செங்குத்து வந்தாலே, முதல் மாரத்தான் ஓடுகிறவருக்கு விறுவிறு நடையும் மெல்லிய ஓட்டமும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். நடைக்குச் செலவு குறைவு. உள்ளங்கையைத் தொடை மேல் ஊன்றித் தள்ளி நடந்து பாருங்கள், பக்கத்தில் ஓடுகிறவர் உங்களை விட்டு அதிகம் விலகிப் போக மாட்டார்.

உச்சிக்கு வந்ததும் உடனே பாயக் கூடாது. மேடு முடிந்து கொஞ்சத் தூரம் அதே அடியில் போய், மூச்சு தணிந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இறக்கம்

ஏற்றம் மூச்சை வாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலைத் தின்பது இறக்கம் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்க முயன்றுகொண்டே இழுபடுகிறது, ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிற வேலை அதற்கு. அதில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. ஓடும்போது வலி தெரியாது. இறக்கம் சுகமாக இருக்கும், கடிகாரத்தில் வேகம் அழகாகக் காட்டும். ஆனால் 32, 33 கிலோமீட்டரில் தொடை இரண்டும் மரக்கட்டை ஆகிவிடும்.

வேளிமலை அடிவாரத்து ஊர்களில் உள்ளே போகும் ஏதாவது ஒரு ரோட்டைப் பாருங்கள். நேராக இறங்கும், அடியில் ஒரு கலுங்கு (சிறு பாலம்), அதைத் தாண்டியதும் சட்டென்று ஏற்றம். இதில் இறங்கும்போது குதிகாலை முன்னால் ஊன்றி பிரேக் பிடித்தபடி வந்தால் 'தப் தப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அடையாளம். சத்தம் கேட்டால் அடி நீளமாகிவிட்டது என்று பொருள். எட்டைச் சுருக்குங்கள், கால்களை விரைவாக மாற்றுங்கள், முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும், கைகளைச் சற்று விரித்துச் சமநிலைக்கு விடுங்கள். பின்னால் சாய வேண்டாம். சத்தம் தணிந்து 'சர சர' என்று ஆகும். அதுதான் சரியான இறக்கம்.

இறக்கத்திலும் வேக வரம்பு உண்டு. முதல் பாதியில் வரும் இறக்கங்களில், ஓட முடிகிற வேகத்தில் முக்கால் பங்குதான் ஓட வேண்டும். ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், முழுதாக ஒருபோதும் பிடிக்க முடியாது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. தசை இதைக் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை இறக்கத்தில் ஓடித் தொடை வலித்துத் தீர்ந்தால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு பாதிப்பதில்லை. ஆகவே பயிற்சியில் இறக்கத்தைத் தனியாகப் பழக வேண்டும். கடைசி இறக்கப் பயிற்சி, மாரத்தானுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

தரை மாறும்போது

ரப்பர் தோட்டத்துப் பாதை நம்ம மாவட்டத்தின் தனிச்சொத்து. நிழல், குளிர்ச்சி, வண்டி இல்லாத நிம்மதி எல்லாம் உண்டு. ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும் காலம், ஓட்டங்கள் நடப்பதும் பெரும்பாலும் அதே காலம். உதிர்ந்த சருகுக்குக் கீழே வேர் இருக்கும், கல் இருக்கும், சில இடத்தில் உடைந்த சிரட்டை இருக்கும். அங்கே காலை இழுத்து ஓடாமல், முழங்காலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கி ஓடுங்கள். பனி இறங்கிய காலையில் சருகு வழுக்கும். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கோடு பால் வெட்ட வருகிறவர்கள் இருப்பார்கள், தூரத்திலிருந்தே ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், அது அவர்கள் வேலை நேரம். தனியார் தோட்டமாக இருந்தால் கேட்டுக்கொண்டு உள்ளே போவது முறை. கீரிப்பாறை, பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் பயிற்சிக்குப் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம். யானைக்கு மாரத்தான் தெரியாது. மழைக்காலத்தில் அட்டையும் கூட வரும்.

செம்மண் சரல் இறக்கம் இன்னொரு வகை. வெட்டுக்கல் உடைந்து சிறு உருண்டையாகக் கிடக்கும், காலுக்கு அடியில் உருளும். ஓரத்தில் புல் இருந்தால் புல் மேல் ஓடுங்கள், வளைவில் திடீரென்று திரும்பாதீர்கள்.

சானல்கரை அருமையான பயிற்சித் தளம். தட்டையானது, மண் மெத்தென்று இருக்கும். பெருமழைக்குப் பிறகு கரை ஓரம் உள்வாங்கியிருக்கும், அதனால் நடுவில் ஓடுங்கள்.

மணலைப் பற்றி ஒரு எண் சொன்னால் போதும்: இளகிய மணலில் ஓடக் கெட்டித் தரையைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். ஓட்டப் பாதையில் சொத்தவிளை மாதிரி ஒரு கடற்கரைத் துண்டு இருந்தால் அதையும் ஏற்றமாகவே நினையுங்கள். சிறிய அடி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும், முன்காலால் தோண்டக் கூடாது. கடல் நீர் வடிந்த ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நெடுந்தூரம் ஓடினால் இடுப்பும் முழங்காலும் முறையிடும். மணலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறியதும் ஆடுசதை இறுகும், இரண்டு நிமிடம் மெல்லப் போய் அது இளகிய பிறகு பழைய அடிக்கு வாருங்கள். ஷூவுக்குள் மணல் புகுந்திருந்தால் நின்று உதறிவிட்டுப் போங்கள். ஒரு நிமிடம் போகும், ஆனால் கொப்புளம் வந்தால் ஒரு மணி நேரம் போகும்.

இத்தனை தரைக்கும் ஒரே ஷூதான். அடியில் மூன்று நாலு மில்லிமீட்டர் முட்கள் உள்ள, தார் ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான வகையை வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முட்டாதபடி முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. புது ஷூவை ஓட்ட நாளில் முதல்முறை போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருவர் போட்டுக்கொண்டு வருவார்.

பயிற்சி

பதினாறிலிருந்து இருபது வாரம் வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஓடுவதாக இருந்தால் செப்டம்பரில் தொடங்க வேண்டும், அப்படியென்றால் வடகிழக்குப் பருவமழை நடுவில் வந்து விழும். நமக்குத்தான் இரண்டு மழையும் உண்டே. மழை பெய்தால் ஓடலாம், இடி மின்னல் என்றால் வேண்டாம். அந்த நாட்களில் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குவதும் பயிற்சிதான்.

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் போதும். இரண்டு நாள் சுலபமான வேகத்தில் 6 முதல் 10 கிலோமீட்டர். ஒரு நாள் மேடு. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் ஓய்வும், வாரம் இருமுறை கால்களுக்கு வலு சேர்க்கும் பயிற்சியும்: உட்கார்ந்து எழுவது, ஒற்றைக்காலில் படியிலிருந்து மெல்ல இறங்குவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. படியிலிருந்து மெல்ல இறங்குவதை விட்டுவிடாதீர்கள், இறக்கத்துக்கு அதைப்போல மருந்து கிடையாது.

மேட்டு நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து ஏறுகிற ரோடு ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஆறு முறை ஏறி இறங்குங்கள், போகப் போகப் பத்து ஆக்கலாம். ஒரு வாரம் ஏற்றத்தில் கவனம், மறு வாரம் இறக்கத்தில் கவனம். சிதறால் மலைக்கோவிலுக்கு ஏறும் கல் பாவிய பாதை இதற்கு நல்ல இடம், திறந்திருக்கும் நேரம் பார்த்து, பார்க்க வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல். பொற்றையடி பக்கம் இருக்கிறவர்களுக்கு மருந்துவாழ் மலை இருக்கிறது. அங்கே ஓட வேண்டாம், விறுவிறுவென்று ஏறி நிதானமாக இறங்குங்கள், பாறையில் ஓடுவது வேறு கலை. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடலாமா என்று சிலர் கேட்பார்கள். 115 அடி உயரத்தில் குறுகலான நடைபாதை, எதிரே ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கும். வேண்டாம்.

நீண்ட ஓட்டத்தை 14 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, நாலாவது வாரம் குறைத்து, மறுபடி கூட்டுங்கள். அதிகபட்சம் 30 கிலோமீட்டர், அல்லது மூன்றரை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. அதற்கு மேல் பயிற்சியில் ஓடினால் பலனைவிடக் காயம்தான் அதிகம். இந்த நீண்ட ஓட்டங்களில் குறைந்தது இரண்டு மூன்று, மாரத்தான் பாதையைப்போலவே கலந்த தரையில் இருக்க வேண்டும். கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்போது உடம்பு துருதுருவென்று இருக்கும், ஒரு நீண்ட ஓட்டம் போட்டுவிடலாமா என்று தோன்றும். போடாதீர்கள்.

விடியற்காலை ரோட்டில் ஓடும்போது எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, அதாவது வலது ஓரமாக ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை, சின்ன விளக்கு அவசியம். கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் போகும் ரோடுகளைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்ல விலகுங்கள். ஓடினால்தான் அதற்கு ஆர்வம் வரும்.

வெயில், தண்ணீர், சாப்பாடு

உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிக்குத்தான் வரும். 60 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கலோரி ஆகிறது. மொத்தம் 2,500, ஏற்றத்துக்கு இன்னும் கொஞ்சம். கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாக எரியும். வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தைத்தான் அதிகம் எடுக்கும். ஆரம்பத்தில் பாய்ந்தவர்கள் 30 கிலோமீட்டரில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஓட்டத்தின்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல் (ஓடும்போது உறிஞ்சுகிற இனிப்புக் கூழ்ப் பாக்கெட்) 20, 25 கிராம் தரும். நடுத்தர அளவு வாழைப்பழமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம்ம மட்டிப்பழம் சின்னது, ஆனால் ஓட்டக்காரனுக்கு அதுவே வசதி: இரண்டு வாயில் முடிந்துவிடும், வயிற்றைக் கனக்க வைக்காது. ஒன்றிரண்டு பழத்தோடு ஒரு துண்டு கருப்பட்டி என்று பழகிக்கொண்டவர்கள் ஜெல் இல்லாமலே சமாளிக்கலாம். பசி வரும்வரை காத்திருக்கக் கூடாது, முதல் முக்கால் மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். செங்குத்து ஏற்றத்தில் நடக்கும்போது சாப்பிடுவது சௌகரியம், மெல்லவும் முடியும், நேரமும் வீணாகாது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில் தொடங்கி, உங்கள் வியர்வைக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். குறைந்தது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, ஆனால் எடை கூடியிருந்தால் ஆபத்து. வெறும் தண்ணீராக அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும், தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பாக்கெட்டில் சொன்னபடி கரைத்த ஓ.ஆர்.எஸ். நல்லது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகிற சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது. அக்கானி (பதநீர்) ஓடி முடித்த பிறகு குடிக்க அருமை, நடுவில் வேண்டாம்.

முந்தின இரவு பரோட்டாவும் பொரித்த கோழியும் வேண்டாம். சோறும் ரசமும், கொஞ்சம் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), அது போதும். காலையில் இரண்டரை மணி நேரம் முன்பு அவித்த ஏத்தம்பழமோ (நேந்திரம்பழம்), இடியாப்பமும் சீனியுமோ சாப்பிடலாம். புட்டுக்குப் பயறு சேர்க்காதீர்கள். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) பழக்கமிருந்தால் குடிக்கலாம்.

ஓட்ட நாள்

முந்தைய நாளே நகத்தை வெட்டி, தொடை இடுக்கிலும் அக்குளிலும் மார்புக் காம்பிலும் வாசலின் தடவ எடுத்து வையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முதல் பத்து கிலோமீட்டர்: உங்களுக்கு மெதுவாகப் படுகிற வேகத்தைவிட இன்னும் மெதுவாக. எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும். இந்தப் பத்தில் மூச்சு ஒருமுறைகூட இரைக்கக் கூடாது, குறித்து வைத்த ஏற்றங்களில் நடந்தே ஆக வேண்டும்.

அடுத்து 25 வரை: உடம்பு சூடாகி, கால் இலகுவாகி, இன்றைக்கு ஏதோ விசேஷம் என்று தோன்றும் பகுதி. பலரும் இங்கேதான் வேகத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டாதீர்கள். இறக்கங்களில் முக்கால் பங்கு விதியை இங்கேயும் பிடியுங்கள். சாப்பாட்டு நேரம் தவறாமல் பாருங்கள், காலையில் வெயில் ஏறத் தொடங்கும்போது தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

25 முதல் 35: உண்மையான ஓட்டம் இங்கே தொடங்குகிறது. வேகம் குறையும், குறைந்தால் சரி. தூரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்: அடுத்த தண்ணீர்ப் பந்தல்வரை, அடுத்த குருசடிவரை (ரோட்டோரச் சிலுவைக் கோவில்). சமதளத்திலும் நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம். களைத்த கால் தரையிலிருந்து சரியாக எழும்பாது, பெரும்பாலான விழுதல் இந்தப் பகுதியின் மண்பாதையில்தான் நடக்கிறது.

கடைசி ஏழில், மூச்சும் காலும் மிச்சமிருந்தால் இப்போது செலவழியுங்கள். இப்போது ஒற்றைச் சொல் நிலைக்குப் போகலாம். மிச்சமில்லை என்றால் விறுவிறு நடை. நிமிடத்துக்கு நூறு மீட்டர் நடந்தாலே கிலோமீட்டர் பத்து நிமிடத்தில் போய்விடும், தளர்ந்து தள்ளாடும் ஓட்டம் அதைவிட வேகமாக இருப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். நெஞ்சில் பாரம், தலைசுற்றல், குளிரில் நடுங்குவது மாதிரி சிலிர்ப்பு, எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நின்று உதவி கேளுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் பேச்சுக் குழறித் தள்ளாடினால் அவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். உங்கள் நேரம் போனால் போகட்டும்.

முடிந்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். அரை மணி நேரத்துக்குள் உப்பும் மாவுச்சத்துமாக ஏதாவது உள்ளே போகட்டும். உப்புப் போட்ட கஞ்சியும் தொட்டுக்கொள்ள ஏதாவதும் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால், தசை வலி தாங்க முடியாமல் இருந்தால், தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரண தொடை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினால் சுலபம். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது, மெல்ல நடக்கலாம். அதற்கடுத்த வாரம் சானல்கரையில் அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள். மேட்டுப் பயிற்சியை மூன்று வாரம் கழித்துத் தொட்டால் போதும்.